மந்திரி சொன்னது

"சார், வணக்கம்ங்கற ஒரு வார்த்தையைத் தாண்டி மந்திரிக்குத் தமிழ் தெரியாது. இன்னைக்கு நீங்கதான் அவர் வாய், நீங்கதான் அவர் காது" என்று மைக்கை ஸ்தனிஸ்லாஸ் கையில் திணித்தார் மேனேஜர் ஸ்ரீதர்.

முப்பது வருஷம் கல்லூரியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்ற ஸ்தனிஸ்லாஸுக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. அரியமங்கலம் தொழிற்பேட்டையில் புது பாக்டரி திறப்பு விழா. பந்தலில் நடுநாயகமாக உட்கார்ந்திருந்த மந்திரி ஹார்க்ரோவ், ஒரு காலத்தில் இதே பேட்டையில் ஒன்பது வருஷம் பாய்லர் கம்பெனி நடத்தியவர்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன் அங்கே பாய்லர் வெடித்து மூன்று பேர் செத்தார்கள். வெள்ளைக்காரர் கம்பெனியை விற்றுவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தார், தேர்தலில் நின்றார், ஜெயித்தார், இன்றைக்கு இங்கிலாந்து மந்திரி. ஒரு கீறல்கூட விழாமல் தப்பிக்கிற யோகம் சிலருக்குத்தான் வாய்க்கிறது.

கேள்வி நேரத்தில் மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். ஸ்தனிஸ்லாஸின் பங்குக் கோயிலுக்கு வருகிற லூர்துராணி. செத்த மூவரில் ஒருவரான ஆசீரின் மனைவி.

"என் வீட்டுக்காரர் குடிச்சிட்டு வால்வைத் திறக்க மறந்துட்டாருன்னு உங்க கம்பெனி எழுதிக் குடுத்துச்சுங்க. அப்ப அவரு வேளாங்கண்ணிக்கு மாலை போட்டு விரதம் இருந்தாரு."

மந்திரி தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். கை பாதியில் நின்று, மறுபடி திருகியது.

"செத்துப்போன மத்த ரெண்டு பேர் வீட்டுலயும் இன்னைவரைக்கும் எங்க முகத்துல முழிக்கிறதில்லைங்க. அவருக்கு வருஷப் பூசை வச்சா நானும் என் மகனும் மட்டும்தான் உக்காந்திருக்கோம். நஷ்டஈடெல்லாம் கேக்கல. அவரு குடிக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

ஸ்தனிஸ்லாஸ் ஒன்று விடாமல் ஆங்கிலத்தில் சொன்னார். ஹார்க்ரோவ் நிதானமாகக் கேட்டுவிட்டு, ஸ்தனிஸ்லாஸின் காதருகே சாய்ந்து ஆங்கிலத்திலேயே பதில் சொன்னார்: "விசாரணை முடிந்துபோன விஷயம். அறிக்கையில் இருப்பதுதான் உண்மை. அடுத்தவரைப் பேசச் சொல்லுங்கள்."

லூர்துராணி மந்திரியைப் பார்க்கவில்லை, ஸ்தனிஸ்லாஸின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். சீக்கிரம், சீக்கிரம் என்று ஸ்ரீதர் கையைக் காட்டினார்.

"மந்திரி சொல்றாரும்மா..." மைக்கை வாயருகே கொண்டுபோனார் ஸ்தனிஸ்லாஸ். "உங்க வீட்டுக்காரர் குடிக்கல. அந்த அறிக்கை தப்பு. உங்ககிட்டயும் உங்க மகன்கிட்டயும் மன்னிப்புக் கேட்டுக்கறாரு."

லூர்துராணி அப்படியே உட்கார்ந்து ஓவென்று அழுதாள். கடைசி வரிசையிலிருந்து அற்புதம்மாள் எழுந்து வந்தாள். அதே விபத்தில் மகனைப் பறிகொடுத்தவள், பன்னிரண்டு வருஷமாக லூர்துராணியோடு பேசாதவள். வந்தவள் அவளைக் கட்டிக்கொண்டாள்.

பந்தலே கைதட்டியது. ஹார்க்ரோவும் சிரித்த முகமாகத் தலையை ஆட்டினார். எதற்குத் தட்டுகிறார்கள் என்றே தெரியாமல் ஆட்டுகிறார், பாவம் என்று நினைத்துக்கொண்டார் ஸ்தனிஸ்லாஸ்.

விழா முடிந்து, மந்திரியை வழியனுப்ப அவரோடு விமான நிலையத்துக்குக் காரில் போகும்போதுதான் ஸ்தனிஸ்லாஸுக்குப் பயம் பிடித்தது. யாராவது இவரிடம் விஷயத்தைச் சொல்லி, நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று இவர் மறுத்துவிட்டால், லூர்துராணி நாளைக்கே மறுபடியும் குடிகாரன் பெண்டாட்டி ஆகிவிடுவாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஹார்க்ரோவ், ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே, சுத்தமான திருச்சித் தமிழில் சொன்னார்:

"ஆசீர் குடிக்கவே மாட்டாருங்க. எனக்குத் தமிழ் சொல்லிக் குடுத்ததே அவர்தான்."