சேமிக்காத வேலை

கணினியில் மென்பொருளின் புதிய பதிப்பை ஏற்ற அவள் காலையிலிருந்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முறையும் பாதியில் நின்று அதே அறிவிப்புதான் வந்தது: ‘இந்தக் கணினியை வேறொருவர் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார். இப்போது நிறுத்தினால் அவர் சேமிக்காத வேலை அழிந்துவிடும்.’

பழுது பார்ப்பவரைப் போனில் பிடித்தாள்.

“உங்க வீட்டுக்காரரோட கணக்கு இன்னும் இருக்கோ என்னவோ, மேடம்?”

“அவர் தவறிப்போய் ஒரு வருஷம் ஆகுது தம்பி. அவர் கணக்கைப் போன வாரம் நீங்கதானே அழிச்சீங்க?”

“அப்போ பிளக்கைப் பிடுங்கிடுங்க” என்றார்.

அது அவளுக்குக் கைவந்த கலை. எத்தனை தடவை கூப்பிட்டாலும் “அஞ்சே நிமிஷம்” என்று சொல்லிக்கொண்டே கணினிமுன் உட்கார்ந்திருக்கும் மனுஷனைச் சாப்பிட வைக்க, அவள் கண்ட ஒரே வழி அதுதான். செய்த வேலையெல்லாம் போச்சே என்று கத்திக்கொண்டாவது எழுந்து வந்துவிடுவார்.

பிளக்கில் கை வைத்தாள். பிடுங்க மனசு வரவில்லை. உடம்பெல்லாம் அலுப்பாக இருந்தது.

“சரி, முடிச்சிட்டே சாப்பிட வாங்க” என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனாள்.

தனக்கு ஒரு தட்டை எடுத்து வைத்தாள். அறையில் கணினி அணைகிற ஓசை கேட்டது. பிறகு நாற்காலி பின்னால் நகரும் சத்தம் கேட்டது.

இன்னொரு தட்டையும் எடுத்தாள்.