பக்கத்து நாற்காலிக்காரன்

"குரல்வளையைக் குடுத்துட்டு உசிரை மட்டும் வச்சுக்கிட்டு நான் என்னடி பண்றது? ஊமையா உக்காந்து மீனுக்குக் காவல் இருக்கவா? போ வீட்டுக்கு!"

ஜெர்பா தீவின் மீன் சந்தை வாசலில் நின்று ஜிலானி மனைவியைப் பார்த்துக் கத்தினார். மப்ரூக்கா நகரவில்லை. ஸ்பாக்ஸ் நகர ஆஸ்பத்திரியின் கடிதம் அவள் கையில் கசங்கியிருந்தது.

"கட்டி இன்னும் வெளிய பரவலைன்னு டாக்டர் சொன்னாருல்ல? எடுத்துட்டா பொழைச்சுக்குவீங்க. நாளைக்குப் போகலைன்னா தேதி தள்ளிப் போயிரும். அதுக்குள்ள பரவிருச்சுன்னா?"

"பரவட்டும்."

ஜிலானி உள்ளே போனார். மீன்கூடை சுமந்து முதுகுத்தோல் உரிந்த மனுஷன். அந்தச் சந்தையில் ஏலக்காரனின் நாற்காலி ஆள் உயரத்துக்கு மேலே இருக்கும். கூலிக்காரனாக இருந்த அவரை அதில் ஏற்றி உட்கார வைத்தது அவருடைய குரல்தான். நாலு மாதமாகக் கரகரத்தாலும் அது இன்னும் கூரையை முட்டிக்கொண்டுதான் இருந்தது.

அவரது நாற்காலிக்குப் பக்கத்தில் இருப்பது இன்னொரு ஏலக்காரன் ஹம்மாதியின் நாற்காலி. ஹம்மாதி தன் மகள் கல்யாணத்துக்குப் போயிருந்தான். அவனுக்குப் பதிலாக ஜர்ஜிஸ் ஊரிலிருந்து புராவி என்று ஒருவன் வந்து மூன்று நாளாக உட்கார்ந்திருந்தான். கழுத்தைச் சுற்றித் துண்டு. ஒரு கையில் மீன் கோர்வை. இன்னொரு கை, குளிருக்குப் பயந்தவன் போல எப்போதும் துண்டைப் பிடித்தபடியே இருந்தது. குரலோ மணலில் தகரம் உரசுகிற மாதிரி. ஆனாலும் ஜிலானியின் வாடிக்கைக்காரர்கள் பாதிப் பேர் அவன் பக்கம் போய்விட்டார்கள். அதுதான் ஜிலானிக்குப் பொறுக்கவில்லை.

"என்னப்பா, இன்னைக்கும் சளியா? துண்டை அவுத்துப் போட்டுட்டு நாலு வார்த்தை உரக்கச் சொல்லேன். மீனாவது முழிச்சுக்கும்!"

வியாபாரிகள் சிரித்தார்கள்.

"முழிச்சா கடலுக்கு ஓடிருமே அண்ணே! செத்ததைத்தானே விக்க வந்திருக்கோம்," என்றான் புராவி. இன்னும் பெரிய சிரிப்பு.

ஜிலானிக்குச் சுருக்கென்றது. "பந்தயம் கட்றியா? ஒரே படகு மீன். உனக்கு அஞ்சு கோர்வை, எனக்கு அஞ்சு. யாரு முதல்ல வித்து முடிக்கிறான்னு பாப்போம்."

"தோத்தவன் என்ன செய்யணும்?"

"ஜெயிச்சவன் சொல்ற ஒரு வார்த்தையைக் கேக்கணும். இத்தனை பேரும் சாட்சி!"

பேரீச்ச நாரில் கோர்த்த களவா மீன்கள் வந்தன. ஜிலானி முழங்கினார். தெருக்கோடி வரை கேட்டது. தூரத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்தவர்கள் குடித்தபடியே சோம்பலாகத் தலையாட்டி விலை சொன்னார்கள்.

புராவி முனகினான். என்ன சொல்கிறான் என்று கேட்க, ஆட்கள் அவனை நெருக்கிக்கொண்டு நின்றார்கள். நெருங்கியவன் மூக்குக்கு நேராக மீனின் சிவந்த செவுள். தோளை இடிக்கும் பக்கத்து ஆள் தட்டிக்கொண்டு போய்விடுவானோ என்ற பயம். விலை தானாக ஏறியது.

புராவி ஐந்தாவது கோர்வையை விற்றபோது ஜிலானியின் கையில் இரண்டு மீதி.

"என்னடா சூனியம் பண்ணே?"

"உங்க சத்தம் எல்லாருக்கும் கேக்குது, அதனால எவனும் கிட்ட வர்றதில்ல. என் சத்தத்தைக் கேக்கணும்னா கிட்ட வந்துதான் ஆகணும். கிட்ட வந்தவன் வாங்காம போவானா?" புராவி நாற்காலியிலிருந்து இறங்கி வந்தான். "சரி, என் வார்த்தையைச் சொல்லவா? நாளைக்கு ஸ்பாக்ஸுக்குக் கிளம்புங்க. ஆபரேஷன் பண்ணிக்குங்க."

வாசலில் மப்ரூக்கா தலையைக் குனிந்துகொண்டாள். ஜிலானிக்கு ரத்தம் தலைக்கு ஏறியது.

"ஓ, அவ ஏவிவிட்ட ஆளா நீ? குரலை வச்சுக்கிட்டு ஊருக்குப் புத்தி சொல்றது சுலபம்டா! உன் குரல்வளையை அறுத்து வீசிட்டு, அந்த நாற்காலில ஏறி ஒரே ஒரு கோர்வை வித்துக் காட்டு. அப்புறம் நான் போறேன்!"

புராவி துண்டிலிருந்து கையை எடுத்தான். சுற்றுச் சுற்றாக அவிழ்த்தான். தொண்டைக் குழியில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஓர் ஓட்டை; உள்ளே சின்னதாக ஒரு வால்வு. உதடு அசைந்தது, காற்றுதான் வந்தது. பிறகு விரலால் அந்த ஓட்டையை அடைத்துக்கொண்டான்; அதே தகரக் குரல் வந்தது.

"மூணு நாளா வேற என்னத்தைக் காட்டிக்கிட்டு இருக்கேன் அண்ணே? என் குரல்வளையை எடுத்து ஆறு வருஷம் ஆச்சு."

ஜிலானி வாசல் பக்கம் திரும்பிக் கூரை அதிரக் கத்தினார்: "மப்ரூக்கா, பையைக் கட்டு! டேய், நான் திரும்பி வர்ற வரைக்கும் எவனும் என் நாற்காலி மேல கண்ணு வைக்கக் கூடாது!"