பட்டியலில் இல்லாத முகம்

பள்ளிக்கூட மொட்டைமாடியில், காற்றை உறிஞ்சி மகரந்தங்களை முகம் பார்த்து எண்ணும் கருவி ஒன்று இருந்தது. தான் தப்பாக எண்ணியதே இல்லை என்று அதற்கு ஏகத் தலைக்கனம்.

பனிமூட்டமான ஒரு காலையில், ஈரத்தில் உப்பி, லாரிப்புகை அப்பிய மகரந்தம் ஒன்று உள்ளே வந்தது.

"தூசி. நகரு," என்றது கருவி.

"ஐயா, நான் சீமைக்கருவேல மகரந்தம். என்னை இழுத்தா பிள்ளைங்களுக்கு மூச்சு முட்டும், புகை வேற ஒட்டியிருக்கு. தயவுசெஞ்சு என்னை எண்ணிடுங்க. பின்னாடி ஆயிரக்கணக்குல வர்றோம்."

"என் பட்டியல்ல இருக்கிற முகம் மஞ்சள். உன் மூஞ்சியைப் பார்த்தியா?"

கருவியின் கணக்கைக் காட்டும் வாசல் பலகையில் 'மகரந்தம்: பூஜ்யம்' என்று ஒளிர்ந்தது. அதைப் படித்த எஸ்தர் டீச்சர், வீசிங் உள்ள நஸ்ரினுக்காகச் சாத்தியிருந்த ஜன்னல்களைத் திறந்துவிட்டார்.

மத்தியானம் ஆம்புலன்ஸ் வந்தது. நஸ்ரின் அப்புறம் வரவேயில்லை.

ஒரு வாரம் கழித்து, அவளுடைய காலி பெஞ்சைத் துடைத்த துணியை மாடியில் உதறினார்கள். தூசி என்று கருவி குறித்துக்கொண்டது. இந்த முறை அது சரி.