மிக்ஸி மழை

பழைய பெட்டி டிவியின் குமிழ்களைத் திருகித் திருகி, அதில் தெரியும் காட்டை, மெய்நிகர்க் கண்ணாடி மாட்டிய நாலாயிரம் பேருக்கு வீட்டிலிருந்தே நேரலையில் காட்டிக்கொண்டிருந்தார் தணிகாசலம். திடீரென்று காடெங்கும் வெள்ளைக் கோடுகள் இறங்கின. அவர் பதறிப்போய்க் குமிழைத் தொடுவதற்குள் நின்றும்விட்டன.

உடனே ஒரு தாயின் செய்தி வந்தது: “மழையை ஏன் நிறுத்திட்டீங்க? என் பொண்ணு இன்னிக்குத்தான் முதல்தடவையா மழையைப் பார்த்தா. அழறா.”

மழையா? எந்தக் குமிழைத் திருகியும் அது வரவில்லை.

“மிக்ஸி போட்டதால டிவியில கோடு விழுந்துச்சாங்க?” சமையலறையிலிருந்து மனைவி செண்பகம் கேட்டாள். “சட்னி அரைச்சாச்சு. இனிமே போடல.”

“போடு, செண்பகம்!”

“எதை அரைக்க?”

“ஒண்ணும் வேணாம், சும்மா ஓடவிடு!” அவள் வெறும் ஜாரை ஓடவிட்டாள். கோடுகள் இறங்கின.

“சிரிக்கிறா” என்று செய்தி வந்தது.

“எப்பங்க நிறுத்தணும்?” மிக்ஸி இரைச்சலுக்கு மேல் கத்தினாள் செண்பகம்.

அவர் அதே கேள்வியை அந்தத் தாய்க்கு அனுப்பினார்.