மடிக்கணினிக்குள் ஒரு போன்

“பட்டியல்ல பேரைச் சேர்த்தா மட்டும் போதாதும்மா. மெஷினை விட்டு ஒருதடவ வெளிய வந்துட்டு, மறுபடி உள்ள போகணும். அப்பத்தான் நம்மள ஏத்துக்கும்.”

பூட்ஸை மாட்டிக்கொண்டே திலெக் சொன்னான். வீட்டில் இருந்தது பட்டன் போன் மட்டும்தான். ஆனால் லினக்ஸ் ஓடும் அவனுடைய பழைய மடிக்கணினித் திரையில் ஓர் ஆண்ட்ராய்டு போன் ஒளிர்ந்துகொண்டிருந்தது. கையில் தொட முடியாத போன்.

“இத வச்சு என்னடா பண்றது?” என்றாள் அவன் அம்மா சபீரா.

“மலைக் கணவாய் மூடியிருக்கா, திறந்திருக்கான்னு லாரிக்காரங்களுக்குச் சொல்ற செயலிய இதுலதான் ஓட்டிப் பாக்கணும்.”

ரொட்டியில் ஒரு விள்ளல் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு மாமாவின் லாரியில் ஏறினான்.

அந்தச் செயலியைப் பார்க்கத் தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து மெலிஸ் வந்தபோது இலையுதிர்காலம். லாரிச் சங்கத்துக்காரன். அவன் சரி என்றால் முதல் பனிக்கு முன்பே அறுநூறு டிரைவர்களின் கைக்கு அது போய்விடும். இல்லையென்றால் இன்னொரு குளிர்காலமும் குருட்டுப் பயணம்தான்.

“உங்க பையன் எங்கக்கா?”

“அவன் வரமாட்டான் தம்பி. நான் காட்டுறேன். டீ குடிங்க.”

“நீங்களா? என்ன வேலை பாக்குறீங்க?”

“பள்ளிக்கூட விடுதியில சமையல்.”

மெலிஸ் சிரிப்பை டீக் கிண்ணத்துக்குள் மறைத்தான். “வீட்டு மெஷின்ல எல்லாமே ஓடும்க்கா. என் லேப்டாப்ல ஓடணும். இதுவும் லினக்ஸ்தான். எங்க ஆளுங்ககிட்ட இருக்குற மாதிரி சின்னத் திரை, கொஞ்சூண்டு மெமரி, பழைய ஆண்ட்ராய்டு உள்ள போன் ஒண்ணை இதுக்குள்ள உண்டாக்க முடியுமா?”

“கொஞ்சம் நகருங்க.”

சூடுபட்ட தழும்புள்ள விரல்கள் விசைகளில் ஓடின. திரையளவைக் குறைத்தாள், மெமரியைக் குறைத்தாள், புதிய போனை உண்டாக்கினாள். அது எழவில்லை. சிவப்பில் ஒரு வரி வந்து நின்றது.

“இதுக்குத்தான் பையனைக் கேட்டேன்.”

“போன்ல ஒரு குறையும் இல்ல. உங்க மெஷினுக்கே உங்களத் தெரியல! இத ஓட்ட அனுமதி உள்ளவங்க பட்டியல்ல உங்க பேரு இல்ல.” ஒரு வரி தட்டினாள். “பாஸ்வேர்டு போடுங்க. வெளிய வந்துட்டு மறுபடி உள்ள போங்க.”

போன் எழுந்தது. செயலியை அதில் ஏற்றி, அது ஒரு கணவாயின் அடிவாரத்தில் நிற்பதாக அதற்குச் சொன்னாள். உடனே திரை சிவந்தது: ‘பனிச்சரிவு. ஏறாதே.’

மெலிஸ் கிண்ணத்தைக் கீழே வைத்தான். “மேல போனா சிக்னல் செத்துடுமே?”

இணைப்பைத் துண்டித்துக் காட்டினாள். “கடைசியா வந்த தகவல் அப்படியே நிக்கும். எத்தன மணிக்கு வந்ததுன்னும் காட்டும். பழசை நம்பி ஒருத்தரும் ஏறிடக் கூடாதுல்ல?”

“அடேயப்பா! இது யாரு யோசன?”

“என் பையனோட யோசன,” என்றாள். தலை தானாக நிமிர்ந்தது.

“வர்ற வாரமே எல்லாருக்கும் குடுத்துடலாம்க்கா. கெட்டிக்காரப் பையன்! திங்கக்கிழம அவன பிஷ்கெக்குக்கு அனுப்புங்க. வேலை தயாரா இருக்கு.”

சபீரா ரொட்டித் தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள்.

“நானே வரட்டுமா தம்பி? கணவாய் மூடினது தெரியாம ஏறி, நாலு வருஷம் முன்னாடியே அவன் பனியில புதைஞ்சு போயிட்டான். அன்னைக்கு இந்தப் போனுக்குள்ள ஒண்ணுமே இல்ல. மத்ததெல்லாம் நான் படிச்சுப் படிச்சு எழுதுனது.”

அவள் மகனின் பழைய மடிக்கணினியை மூடினாள். நாளைக் காலை திறக்கும்போதும் அது, “வணக்கம், திலெக்” என்றுதான் சொல்லும்.