வேலிக்கு அங்கால் கொம்பிறசர்

இசைத்தட்டில் தவில் தனி தொடங்கிக் கொஞ்ச நேரந்தான். மறுபடியும் காற்று நின்றது.

ஆரபி பாய்ந்து போய் ஊசியைத் தூக்கினாள்.

காற்று இல்லாவிட்டால் அந்த றெக்கோட் பிளேயர் வெறும் இரும்பு. அதன் கனத்த வட்டு காற்றிலே மிதந்துதான் சுழலும். ஊசியைப் பிடித்திருக்கிற கையும் காற்றிலேதான் வழுக்கிப் போகும். காற்று வற்றினால் கை இறுகி, ஊசி இசைத்தட்டைக் கீறிவிடும்.

கீறினால் இன்னொன்று கிடையாது. முத்துக்குமாரு, பரமலிங்கம் சகோதரர்கள், நாதஸ்வரமும் தவிலும். மீசை அரும்பாத வயதில் கொழும்புக்குப் போய் வாசித்துப் பதிந்தது.

முத்துக்குமாரு அவளுடைய பெரியப்பா. பரமலிங்கம் அப்பா. வேலியின் கதியால் கம்புகளைத் தள்ளி நட்டது யார் என்று அடிபட்டு, ஆரபி பள்ளிக்கூடம் போகத் தொடங்கின காலத்திலிருந்து இரண்டு வீட்டுக்கும் கதை பேச்சில்லை.

புத்தூரில் வீட்டை விற்றுவிட்டுச் சுவிஸுக்குத் திரும்பின ஒருவர் குப்பையில் போடச் சொன்னதுதான் அந்த றெக்கோட் பிளேயர். பௌதிகவியலில் பட்டம் எடுத்துவிட்டு வேலை இல்லாமல் இருந்தவள் அதைக் கழற்றி, காற்று வருகிற துளை ஒவ்வொன்றையும் மெல்லிய கம்பியால் குத்தித் துப்பரவாக்கி, வட்டை மிதக்க வைத்தாள்.

"கம்பஸுக்குப் போய்ப் படிச்சது உதுக்கோ?" என்று கேட்டவர்களுக்கு, "ஓம், உதுக்குத்தான்" என்றாள்.

காற்றை அமுக்கித் தள்ளுவதற்குப் பழைய கொம்பிறசர் ஒன்று அகப்பட்டது. அது போட்ட கூச்சலில் வீட்டுக்குள் தவிலும் கேட்கவில்லை, மனிசரும் கேட்கவில்லை. தள்ளி வைக்க இருந்த ஒரே இடம் வேலிக்கு அங்கால், பெரியப்பாவின் மாட்டுக்கொட்டில். அவள் போய்க் கேட்டாள். அவர் மறுபேச்சில்லாமல் தலையாட்டினார்.

அப்பாதான் குதித்தார். "உவன்ரை காத்திலை என்ரை தவில் கேக்கத் தேவையில்லை."

"உங்கடை தவிலைக் கேக்க உங்களை விட்டால் வேறை ஆர் இருக்கினம்? பேசாமல் இருங்கோ."

வேலிக்குள்ளால் குழாய் வந்தது. கொம்பிறசர் விட்டுவிட்டுத் தள்ளுகிற காற்றைச் சீராக்க, நடுவில் ஒரு லொறிச் சில்லின் ரியூப்பைப் பூட்டினாள். கொம்பிறசர் நின்றாலும் ரியூப்பில் இருக்கிற காற்றில் தட்டு இன்னும் கொஞ்சம் ஓடும். அந்தக் கொஞ்சத்துக்குள்தான் அவள் ஊசியைத் தூக்கவேண்டியிருந்தது.

நாதஸ்வரம் முடியும்வரை ஒரு குறையும் இல்லை. தவில் தனி வந்தால் நின்றுவிடுகிறது. மூன்று தரமும் அப்படித்தான். கரண்டும் போகவில்லை; மேலே பல்ப் எரிந்துகொண்டே இருந்தது.

"பாத்தியே?" அப்பா வேலிப் பக்கம் கையை நீட்டினார். "தன்ரை நாயனம் முடியுமட்டும் பொறுத்திருந்திட்டு, என்ரை தனி வரேக்கை நிப்பாட்டுறான். எரிச்சல் பிடிச்சவன்."

ஆரபி செருப்பையும் போடாமல் வெளியே போனாள். என்ன சொல்லி ஏசுவது என்று வழியிலேயே அடுக்கிக்கொண்டு போனாள்.

கொட்டிலுக்குள் பெரியப்பா ஒரு கையைச் சுவிச்சில் வைத்தபடி, காதை வேலித் தகரத்தோடு ஒட்டிக்கொண்டு நின்றார். மற்றக் கை தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

அவளைக் கண்டதும் களவு பிடிபட்டவர் போலச் சிரித்தார்.

"நாயனம் எந்த இரைச்சலுக்குள்ளையும் கேக்கும் பிள்ளை. அவன்ரை தவில்தான் கேக்குதில்லை. இதை நிப்பாட்டினால் கொஞ்சம் கேக்குது."

அடுக்கிக்கொண்டு வந்த ஏச்சை ஆரபி அப்படியே விட்டுவிட்டாள்.

"அங்கை வந்திருந்து கேளுங்கோவன்."

"அவன் கூப்பிட்டவனே?"

திரும்பி வந்து, கூட்டாமல் குறைக்காமல் அப்பாவிடம் சொன்னாள். கூப்பிடச் சொல்லியும் கேட்டாள்.

"ஏன், எங்கடை கேற் பூட்டியே கிடக்கு?" என்றார் அப்பா.

இரண்டு கிழவர்களின் தலையையும் பிடித்து ஒன்றோடொன்று மோதவேண்டும் போல அவளுக்கு இருந்தது.

அப்பா லொறி ரியூப்பைக் காலால் அமத்திப் பார்த்தார். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு சந்திப் பக்கம் போனார்.

திரும்பி வரும்போது அவருடைய தோளில் பெரிய உழவு மிசின் ரியூப் ஒன்று தொங்கியது.

"உதையும் சேத்துப் பூட்டு," என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல். "அண்ணை நிப்பாட்டினாலும் தனி முழுக்க ஓடவேணும்."