கோட்டுப் பை

நார்வேயின் வடகோடி நகரம் ஒன்றில் வானத்தில் ஆடும் பச்சை ஒளியைப் பார்க்க மங்கையர்க்கரசி ஆசைப்பட்டாள். இரவல் வாங்கிய கம்பளிக் கோட்டைச் சித்திரை வெயிலில் போட்டுப் பார்த்தாள்.

"கரடியேதான்" என்று கணவர் சிதம்பரநாதன் சிரித்தார். "நீ வேணா போய்ட்டு வா. நான் வரல."

அவர் இல்லாமல் போக அவளுக்கு மனமில்லை. கோட்டுப் பைக்குள் கையை விட்டாள். உள்ளே சில்லென்றிருந்தது. விரல் நுனியில் ஏதோ பொடியாக உதிர்ந்து உருகியது.

"இங்க கைய விட்டுப் பாருங்க."

"உனக்கு வேற வேலையில்ல" என்றபடி விட்டார். சிரிப்பு நின்றது. பைக்குள்ளேயே அவள் விரல்களைப் பற்றிக்கொண்டார். கையை வெளியே எடுக்கவில்லை. அவர் மணிக்கட்டில் மெல்லிய பச்சை வெளிச்சம் அசைந்தது.

"எனக்கு யார்கிட்ட கோட்டு கேக்கறது?" என்றார்.